ஆட்டிசம் பற்றி ஊழியர்களுக்குப் பயிற்சி: முதல்முறை நடத்துபவருக்கு ஒரு வழிகாட்டி

"ஆட்டிசம் பத்தி நம்ம ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கணும், நீங்களே பார்த்துக்கோங்க" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு அறையும் அரை நாளும் இருக்கின்றன. வரப்போகிறவர்கள் செவிலியர்கள், வரவேற்பு மேசையில் இருப்பவர்கள், மனு வாங்குபவர்கள், காவலாளிகள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் நடத்திய பயிற்சியில் இரண்டு மணி நேரம் பேசினேன். வரையறை, வரலாறு, மூளை, மரபணு என்று எல்லாம் இருந்தது. முடியும்போது, ரத்தம் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர் எழுந்தார். "இதெல்லாம் சரி. நாளைக்குக் காலையில ஒருத்தர் வந்து கையை நீட்டவே மாட்டேங்கிறார்னா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். நான் பேசிய இரண்டு மணி நேரத்தில் அவருக்குப் பயன்படும் வரி ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து எந்தப் பயிற்சியைத் திட்டமிட்டாலும் அவருடைய கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆட்டிசம் உள்ளவரை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஊழியர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதைக் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் உளவியலாளர்களுமே நிதானமாக, பல கேள்விகள் கேட்டுத்தான் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். மேசைக்கு எதிரே இரண்டு நிமிடம் நிற்பவரைப் பார்த்து நாம் முடிவு செய்ய முடியாது. தனக்கு ஆட்டிசம் இருப்பது தெரியாமலே வாழ்பவர்களும் உண்டு, தெரிந்தும் சொல்ல விரும்பாதவர்களும் உண்டு. ஊழியர் மாற்றிக்கொள்ளக்கூடியவை நான்கு: தான் பேசும் விதம், தன் இடத்தின் சத்தமும் வெளிச்சமும், தான் கொடுக்கும் நேரம், தான் தொடும் விதம். பயிற்சி முழுவதும் இவற்றைச் சுற்றியே போகட்டும்.

முதல் வேலை: வாசலிலிருந்து நடந்து பாருங்கள்

பயிற்சிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு குறிப்பேட்டோடு உங்கள் கட்டடத்துக்குள் புதிதாக வருகிறவர் போல நுழையுங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் போவது நல்லது. எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்களா, திரையில் காட்டுகிறார்களா? கூப்பிடும்போது வெளியே நின்றிருந்தால் முறை போய்விடுமா? எந்தக் குழல் விளக்கு மினுங்குகிறது? ஒரே கேள்விக்கு எத்தனை பேரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அப்புறம் ஊழியர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: "சமீபத்துல யாரோட வேலை செய்றப்போ என்ன பண்றதுன்னு தெரியாம நின்னீங்க?" ஐந்தாறு நிகழ்ச்சிகள் கிடைத்துவிடும். பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இவைதான் உங்கள் பாடம். வெளியிலிருந்து கொண்டுவரும் எடுத்துக்காட்டுகளைவிட இவை பத்து மடங்கு வேலை செய்யும்.

யாரைப் பயிற்சிக்குக் கூப்பிடுவது என்பதும் இந்த நடையிலேயே தெரிந்துவிடும். வருகிறவர் முதலில் பார்ப்பது மருத்துவரையோ அதிகாரியையோ இல்லை, காவலாளியைத்தான். அவரும், துப்புரவுப் பணியாளரும், ஆம்புலன்ஸ் ஓட்டுநரும், ஸ்கேன் அறைக்குச் சக்கர நாற்காலி தள்ளுபவரும் பட்டியலில் இல்லை என்றால் பயிற்சியின் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

யார் சொல்லிக்கொடுப்பது

ஆட்டிசம் உள்ள ஒருவர் சொல்லிக்கொடுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் "அனுபவப் பகிர்வு" என்று மேடையேற்றி அனுப்பிவிடுவதைச் சொல்லவில்லை. என்ன பாடம் வைக்கலாம் என்று பேசும்போதே அவர் கூட இருக்க வேண்டும். முடிந்தால் ஒருவருக்கு மேல் இருக்கட்டும். ஒருவரை மட்டும் பார்த்தால் ஆட்டிசம் என்றாலே அவரைப் போலத்தான் என்று மனத்தில் பதிந்துவிடும். சரளமாகப் பேசும் ஒருவர், எழுத்துப் பலகையிலோ டேப்லெட்டிலோ தட்டித் தொடர்புகொள்ளும் ஒருவர், நாற்பது வயதுக்கு மேல்தான் தன் நிலையைத் தெரிந்துகொண்ட ஒரு பெண் என்று மூவர் கிடைத்தால் மிக நல்லது. பெற்றோரையும் அழைக்கலாம். அவர்களுக்குத் தெரிந்தது நிறைய. ஆனால் மகனுக்கு எப்படி இருக்கும் என்று அம்மா சொல்வதும் மகனே சொல்வதும் வேறுவேறு.

அவர்களுக்கு ஊதியம் கொடுங்கள். மற்ற பயிற்றுநருக்குக் கொடுப்பதையே கொடுங்கள். கேள்விகளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்புங்கள். அறையின் படத்தையும், எத்தனை பேர் வருவார்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். நேரில் வர முடியாதவர் முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பட்டும். இப்படி அவர்களுக்கு நீங்கள் செய்யும் ஏற்பாடுதான் நாளை உங்கள் ஊழியர்கள் வருகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடு. ஆகவே பயிற்சி உண்மையில் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பயிற்சி சட்டத்தின் வழியாகவே வந்திருக்கிறது. ஆலிவர் மெக்கவன் என்ற 18 வயது இளைஞர் 2016-இல் இறந்தார். ஆட்டிசமும் லேசான அறிவுசார் குறைபாடும் வலிப்பும் இருந்தவர். மனநோய்க்கான ஒருவகை மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் பெற்றோரும் முன்பே சொல்லியிருந்தும் மருத்துவமனையில் அந்த வகை மருந்து கொடுக்கப்பட்டது. அவருடைய தாயின் விடாத போராட்டத்துக்குப் பிறகு, 2022-ஆம் ஆண்டின் சட்டத்தில் உடல்நல, பராமரிப்புப் பணியாளர்களுக்கு இந்தப் பயிற்சி கட்டாயமானது. அங்கே நடக்கும் பயிற்சிக்கு ஆலிவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதில் ஆட்டிசம் உள்ளவர்களும் பயிற்றுநர்களாக நின்று சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் பயிற்சியில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். "எனக்கு இது ஒத்துக்காது" என்று ஒருவர் சொன்னால் அதை எழுதிக்கொள்வதும் நம்புவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

அடிப்படைகளுக்கு அரை மணி நேரம் போதும்

ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. நோயைப் போலத் தொற்றுவதோ நடுவில் வந்து போவதோ கிடையாது. வளர்ப்பால் வருவது கிடையாது, தடுப்பூசியால் வருவதும் கிடையாது. தடுப்பூசியோடு இதை இணைத்துப் பேசிய 1998-ஆம் ஆண்டின் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தடுப்பூசிப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் அடிக்கடி தேவைப்படும்.

குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்துதான் வரலாற்றைத் தொடங்குவார்கள். அதனாலோ என்னவோ, ஆட்டிசம் என்றதும் எல்லோர் மனத்திலும் ஒரு குழந்தைதான் வருகிறது. அந்த 11 பேரில் முதலாமவரான டொனால்ட் டிரிப்லெட் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, பல நாடுகளுக்குப் பயணம் போய், 2023-இல் 89-ஆவது வயதில் இறந்தார். உங்கள் மேசைக்கு வரப்போகிறவர் ஓய்வூதியம் கேட்டு வரும் முதியவராகவும் இருக்கலாம், பிரசவத்துக்கு வந்த பெண்ணாகவும் இருக்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வந்துபோகும் இடமென்றால் அதில் ஏழெட்டுப் பேர். "எங்க இடத்துக்கு அப்படி யாரும் வர்றதில்லையே" என்று சொல்லும் ஊழியரிடம் இந்தக் கணக்கை மெதுவாகப் போட்டுக் காட்டுங்கள்.

புலன்களைப் பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது. சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுகை ஆகியவை சிலருக்கு மிக அதிகமாகவும் சிலருக்கு மிகக் குறைவாகவும் படும். இது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கண்டறிதல் கையேட்டில் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்ததே 2013-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில்தான். அதே பதிப்பில்தான் ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு இருந்த ஆஸ்பெர்கர் என்ற தனிப் பெயரும் நீங்கி எல்லாம் ஒரே குடைக்குள் வந்தது.

பெயரைப் பற்றியும் கேள்வி வரும். தமிழில் மதியிறுக்கம், தன்முனைப்புக் குறைபாடு, புற உலகச் சிந்தனையற்ற நிலை என்றெல்லாம் எழுதிவந்திருக்கிறோம். எனக்கு இவற்றில் எதுவும் சரியாகப் படவில்லை. மதி இறுகியவர், உலக நினைப்பே இல்லாதவர் என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் அவரைப் புரிந்துகொள்ளச் சொல்வது எப்படி? ஆட்டிசம் என்றே சொல்லிவிடலாம், எல்லோருக்கும் விளங்குகிறது. "ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்" என்பதையும் விட்டுவிடுங்கள். சிலர் "நான் ஆட்டிஸ்டிக்" என்பார்கள், சிலர் "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது" என்பார்கள். எதிரே இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நாமும் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியாது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். தானே ஆட்டிஸ்டிக்கான ஆய்வாளர் டேமியன் மில்ட்டன் 2012-இல் இதைத் திருப்பிக் கேட்டார்: புரியாமை இரண்டு பக்கமும்தானே இருக்கிறது? பிறகு 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கதையை ஒருவர் காதில் இருந்து அடுத்தவர் காதுக்கு என்று வரிசையாகக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும், ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் ஒரே அளவுக்கு நன்றாகக் கடத்தின. இருவரும் கலந்திருந்த வரிசையில்தான் தகவல் அதிகம் தொலைந்தது. ஊழியர்களிடம் இதைச் சொன்னதும் அறையின் மனநிலையே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பாலத்தின் பாதியை நாமும் கட்ட வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.

பேச்சுக்குத்தான் அதிக நேரம்

அரை நாளில் ஒரு மணி நேரத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள். நம் பேச்சுத் தமிழில் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை ஊழியர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஒரு எடுத்துக்காட்டோடு தொடங்கலாம். மேசையை விட்டு எழுந்து போகும்போது "இதோ வந்துட்டேன்" என்கிறோம். வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே போகிறோம்! இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வருகிறோம். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்பவருக்கு அந்த இருபது நிமிடமும் எப்படி இருந்திருக்கும்? "ஒரு நிமிஷம் இருங்க" என்பதும் அப்படித்தான். சிலர் கடிகாரத்தைப் பார்த்து அறுபது நொடி எண்ணுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நொடியும் பதற்றம் ஏறும்.

மருத்துவமனையில் இன்னும் அதிகம். "தலை சுத்துதா?", "வயித்தைப் பிசையுதா?", "கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?" என்று கேட்கிறோம். தலை ஒருபோதும் சுற்றாது என்பதால் "இல்லை" என்று பதில் வரும், நாமும் இல்லை என்று எழுதிக்கொள்வோம். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி ஊசியைப் போடுகிறோம். அது எறும்புக்கடி மாதிரி இல்லை என்று தெரிந்த நொடியில் அவருக்கு நம்மீது இருந்த நம்பிக்கை போய்விடுகிறது, அடுத்த முறை அவர் வரவே மாட்டார்.

ஊழியர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, தங்கள் வேலையில் தினமும் சொல்லும் பத்து வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அப்படியே பொருள்படும்படி மாற்றி எழுதச் சொல்லுங்கள். "ஒரு நிமிஷம் இருங்க" என்பது "உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க, அரை மணி நேரம் ஆகலாம். அதுக்கு மேல ஆச்சுன்னா நானே வந்து சொல்றேன்" என்று ஆகும். "தலை சுத்துதா?" என்பது "நிற்கும்போது கீழே விழுந்துடுவோம்னு தோணுதா? எப்போ இருந்து?" என்று ஆகும். "சட்டையைக் கழட்டுறீங்களா?" என்பது "நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வைக்கணும், குளிர்ச்சியா இருக்கும். சட்டையோட மேல் ரெண்டு பட்டனைக் கழட்டுங்க" என்று ஆகும். இப்படி மாற்றிய வாக்கியங்கள் ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் நன்றாகவே இருக்கின்றன என்று யாராவது சொல்வார்கள். ஆமாம், அதனால்தான் யாருக்கு ஆட்டிசம் என்று கண்டுபிடிக்கத் தேவையில்லை என்கிறேன்.

அடுத்து மௌனம். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருக்கச் சொல்லிப் பழக்குங்கள். பத்து நொடி மிக நீளமாக இருக்கும், வாய் தானாகத் திறக்கும். பதில் வருவதற்குள் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டால் எதிரே இருப்பவர் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, ஒரே ஆள். கூட வந்தவரிடம் மட்டும் பேசுவதையும் நிறுத்த வேண்டும். பேசாதவருக்குக் கேட்காது, புரியாது என்று முடிவு கட்டி அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது மிக அதிகமாக நடக்கிறது. பேச்சு வராத பலர் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார்கள். எழுதிக் காட்டட்டும், படத்தைத் தொட்டுக் காட்டட்டும், கைபேசியில் தட்டட்டும். சொன்னதையே திரும்பச் சொல்பவர் கேலி செய்யவில்லை. அது யோசிப்பதற்கான நேரமாக இருக்கலாம், அதுவே பதிலாகவும் இருக்கலாம்.

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லாதீர்கள். கண்ணைப் பார்த்தால் காது கேட்பதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். காவல் துறையினரும் விசாரணை செய்யும் அதிகாரிகளும் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணைத் தவிர்ப்பவர் பொய் சொல்கிறார் என்ற பழைய எண்ணம் அப்பாவிகளைச் சிக்கவைக்கும்.

இடத்தை மாற்றுவது

இதற்கு அதிகப் பணம் தேவையில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மினுங்கும் விளக்கை மாற்றுங்கள். காத்திருக்கும் இடத்துத் தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிடுங்கள், யாரும் அதைக் கேட்பதில்லை. கூட்டம் குறைவான முதல் முறையையோ கடைசி முறையையோ தேவைப்படுகிறவருக்கு ஒதுக்குங்கள். வெளியில் நின்றோ வண்டியில் உட்கார்ந்தோ காத்திருந்து, அழைப்பு வந்ததும் உள்ளே வர வழி செய்யுங்கள். ஒரு சிறிய அறை காலியாக இருந்தால் அதை அமைதி அறை ஆக்குங்கள். நுழைவாயில், மேசை, பரிசோதனை அறை ஆகியவற்றின் படங்களை முன்பே அனுப்பினால் வருகிறவருக்குப் பாதிப் பதற்றம் குறையும்.

"எங்களுக்கு எப்படித் தெரியும் யாருக்குத் தேவை என்று?" எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்திலோ முன்பதிவிலோ ஒரு வரி போதும்: "உங்கள் வருகையை எளிதாக்க நாங்கள் என்ன செய்யலாம்?" பல விமான நிலையங்களில் பச்சை நிறத்தில் சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப் பட்டையை அணிந்திருப்பவர்களைப் பார்க்கலாம். 2016-இல் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. வெளியே தெரியாத குறைபாடு இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள் என்பதற்கான அடையாளம் அது. அதை அணிந்தவரிடம் என்ன குறைபாடு என்று கேட்கக் கூடாது, என்ன உதவி வேண்டும் என்று மட்டும் கேட்க வேண்டும்.

மருத்துவப் பணியாளர்களுக்குத் தனியாக

மருத்துவத்தில் மிகவும் ஆபத்தான பழக்கம் ஒன்றுதான்: எதைப் பார்த்தாலும் "அது ஆட்டிசத்தால" என்று சொல்லிவிடுவது. தலையை இடித்துக்கொள்கிறார், சாப்பிட மறுக்கிறார், இரண்டு நாளாகத் தூங்கவில்லை. பல்வலியாக இருக்கலாம். காது சீழ்ப்பிடித்திருக்கலாம். மலச்சிக்கலாக இருக்கலாம், அது ஆட்டிசம் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. வலிப்பும் அப்படியே. வழக்கமாக இருக்கும் விதத்தில் இருந்து திடீரென்று மாறியிருந்தால், உடலில் ஏதோ வலிக்கிறது என்று எடுத்துக்கொண்டு தலைமுதல் கால்வரை பார்க்க வேண்டும். அவரை நன்கு அறிந்தவரிடம் "வழக்கமா எப்படி இருப்பார், இப்போ என்ன வித்தியாசம்?" என்று கேட்பதுதான் முதல் பரிசோதனை.

வலியை முகத்தை வைத்து அளக்காதீர்கள். எலும்பு முறிந்தும் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. சிரிப்பவர்களும் உண்டு. உடலுக்குள் இருந்து வரும் பசி, வலி, மூச்சுத் திணறல் போன்ற செய்திகளையே சிலரால் தெளிவாக உணரவோ பெயர் சொல்லவோ முடிவதில்லை. "ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி?" என்ற கேள்வி அவர்களுக்கு எதையும் சொல்லாது. "நேற்று மாடி ஏறினீங்களா? இன்னைக்கு ஏற முடியுமா? ராத்திரி வலி உங்களை எழுப்புச்சா?" என்று கேளுங்கள். உடல் வரைபடத்தில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, அந்தச் செவிலியரின் கேள்விக்கு வருகிறேன். கையை நீட்டாதவரிடம் ரத்தம் எடுப்பது எப்படி? முதலில், இன்றே எடுத்தாக வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல நேரம் தேவையில்லை. இரண்டு மூன்று பரிசோதனைகள் இருந்தால் ஒரே குத்தில் முடியும்படி சேர்த்துவிடுங்கள். இன்று வேண்டாம் என்றால், வீட்டுக்கு அனுப்பும்போது, ரத்தம் எடுக்கும் நாளில் என்னென்ன நடக்கும் என்று வரிசையாக, படத்தோடு கொடுத்தனுப்புங்கள். கையைக் கட்டும் ரப்பர் பட்டையை ஒன்று கொடுத்தனுப்பினால் வீட்டில் தொட்டுப் பழகுவார்கள். பலருக்கு ஊசியைவிட அந்த இறுக்கமும் ஸ்பிரிட்டின் வாசனையும்தான் தாங்க முடியாதவை. மரத்துப்போகச் செய்யும் களிம்பு வேலை செய்யச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். மருத்துவரிடம் கேட்டு, முன்கூட்டியே தடவ ஏற்பாடு செய்யுங்கள்.

அவர் வந்ததும், "முதல்ல பட்டை கட்டுவேன். அப்புறம் துடைப்பேன், ஈரமா இருக்கும். அப்புறம் ஊசி, வலிக்கும். நான் பத்து எண்றதுக்குள்ள எடுத்துடுவேன். நீங்க 'நிறுத்து'ன்னு கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்" என்று சொல்லுங்கள். வலிக்கும் என்பதை மறைக்காதீர்கள். சொன்னபடியே எண்ணுங்கள், ஏழில் ஒரு இழுப்பு இழுத்துப் பன்னிரண்டு வரை போகாதீர்கள். கையைத் தூக்கினால் உண்மையாகவே நிறுத்துங்கள். லேசாகத் தடவுவது ஆறுதல் என்று நாம் நினைப்போம். சிலருக்கு அது எரிச்சல், உறுதியான அழுத்தமே நிம்மதி. கேட்டுவிட்டுத் தொடுங்கள். அவர் கையை உதறுவதும் உடலை ஆட்டுவதும் தன்னைச் சமாளித்துக்கொள்ளும் வழி. ஊசி உள்ளே இருக்கும் நொடிகள் தவிர மற்ற நேரமெல்லாம் ஆடட்டும். முடியவில்லை என்றால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர் சேர்ந்து பிடித்து இன்று எடுத்துவிட்டால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அவர் எந்த மருத்துவமனைக்குள்ளும் நுழையாமல் போகலாம்.

இவற்றை ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து கேட்காமல் இருக்க ஒரு பக்கத் தகவல் தாள் ஒன்றைத் தயார் செய்யுங்கள். எப்படித் தொடர்புகொள்வார், வலி வந்தால் என்ன செய்வார், எது பதற்றம் தரும், எது அமைதி தரும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. இதை அவரும் குடும்பமும் நிரப்பட்டும். நோயாளியின் கோப்பில் முதல் பக்கமாக இருக்கட்டும். பணி மாறும்போது அடுத்தவர் அதைப் படித்தாரா என்று கேட்பது பொறுப்புச் செவிலியரின் வேலையாக இருக்கட்டும்.

எல்லாம் கைமீறிப் போகும் நேரம்

சத்தம், வெளிச்சம், காத்திருப்பு, திடீர் மாற்றம் எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் போகும்போது சிலர் கத்துவார்கள், அழுவார்கள், ஓடுவார்கள், தங்களையே அடித்துக்கொள்வார்கள். மெல்ட்டவுன் என்கிறார்கள். வேறு சிலர் அப்படியே உறைந்து, பேச்சும் அசைவும் இல்லாமல் போவார்கள். அது ஷட்டவுன். இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. "அமைதியாத்தான் உட்கார்ந்திருக்காரு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டும் அடம் கிடையாது, அந்த நேரத்தில் அவரால் நிறுத்தவும் முடியாது.

என்ன செய்வது? ஒருவர் மட்டும் பேசட்டும், அதுவும் மிகக் குறைவாக. சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். விளக்கையும் ஒலியையும் குறையுங்கள். வாசலை மறிக்காதீர்கள், எதிரே நேராக நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். ஆபத்தான பொருள் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கேள்வி கேட்காதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள், காணொளி எடுப்பவரை நிறுத்துங்கள். அப்புறம் காத்திருங்கள்.

காவலாளிகளும் காவல் துறையினரும் இருக்கும் பயிற்சியில் இதை அழுத்திச் சொல்லுங்கள்: குப்புறப் போட்டு அழுத்திப் பிடிப்பது மூச்சை அடைத்து உயிரையே எடுக்கக்கூடும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது உடலைப் பிடிக்கும் பேச்சே வேண்டாம். கட்டளைக்கு உடனே பணியாதது எதிர்ப்பு ஆகாது, சொன்னது இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை என்றும் இருக்கலாம். கையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தால் அது மனத்தை நிலைப்படுத்தும் பொருளாக இருக்கலாம்.

பயிற்சியில் வைக்கக் கூடாதவை

காதில் இரைச்சலும் கண்ணில் பளிச்சென்ற வெளிச்சமும் கொடுத்து "இதுதான் ஆட்டிசம்" என்று காட்டும் விளையாட்டுகளைத் தவிருங்கள். ஐந்து நிமிடம் அவதிப்பட்டவர் பரிதாபத்தோடு வெளியே போவாரே தவிர, என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு போக மாட்டார். குழந்தை ஒன்று மெல்ட்டவுனில் இருக்கும் காணொளியைத் திரையில் போடாதீர்கள். அந்தக் குழந்தை வளர்ந்து அதைப் பார்க்கும். மேதைகளின் பட்டியலும் வேண்டாம். ஒருவரை மரியாதையாக நடத்த அவர் மேதையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பயிற்சி முடிந்த பிறகு

"பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் எழுதுவார்கள். அந்தத் தாள்களால் பயனில்லை. வெளியே போகுமுன் ஒவ்வொருவரும் தன் மேசையில் மாற்றப்போகும் ஒன்றை மட்டும் ஒரு அட்டையில் எழுதித் தரட்டும். மிகப் பெரிதாக எழுத வேண்டாம். "வரிசை எண்ணை வாயால் சொல்வதோடு எழுதியும் கொடுப்பேன்" என்பது போதும். அட்டைகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலதிகாரியிடமும் ஒரு அட்டை வாங்க மறக்காதீர்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் கேள்வி கேட்கும் அலுவலகத்தில் பத்து நொடி மௌனத்தைப் பற்றி ஊழியருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? இரட்டை நேரம் ஒதுக்க அனுமதி உண்டு என்பது எழுத்தில் வர வேண்டும். அது வந்தால்தான் மற்றவை நடக்கும்.

உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2-இல்தான் பயிற்சி வைக்க வேண்டும் என்பதும் இல்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் மாதத்திலேயே வைத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, உங்களோடு சொல்லிக்கொடுத்த ஆட்டிசம் உள்ளவர்களை மறுபடி அழையுங்கள், அதற்கும் ஊதியம் கொடுத்து. அவர்கள் வாசலில் இருந்து மேசைவரை நடந்து வரட்டும். நீங்கள் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்து, எவை நடந்திருக்கின்றன, எவை நடக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பயிற்சிக்கான பாடம் அந்தக் குறிப்புகளில் இருக்கும்.